லியானுக்கு நான் வாங்கிக்கொடுத்த நிரந்தர வேலை

எங்கள் கன்டீனில் மதியச் சாப்பாடு காலை பதினொரு மணிக்கே தொடங்கிவிடும். ஒஸ்லோவில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறது அந்தக் கன்டீன். நான் அங்கே சமையலறைப் பொறுப்பாளன். மேலே உள்ள நிறுவனத்தின் தலைவர் மற்றவர்களோடு வரிசையில் நின்று, இரண்டு துண்டுப் பாணும் மண்ணிறச் சீஸும் எடுத்துக்கொண்டுபோய் ஒரு மூலையில் இருந்து சாப்பிடுவார். சாப்பிட்டு முடிந்ததும் மேசையில் சிந்திய துகள்களை உள்ளங்கையால் கூட்டி அள்ளி, தட்டையும் கோப்பையையும் தானே கொண்டுவந்து கழுவும் இயந்திரத்தின் கூடையில் அடுக்குவார். பிறகு எங்களைப் பார்த்து ‘தக் ஃபொர் மாத்தன்’, சாப்பாட்டுக்கு நன்றி, என்று சொல்லிவிட்டுப் போவார். எங்கள் வீட்டில் வாடகைக்கு இருக்கும் லியான், வேலைக்கு வந்த முதல் நாள் இதைப் பார்த்துவிட்டு என் காதருகே வந்து, அவர் ஏதாவது பிழை செய்து தண்டனை அனுபவிக்கிறாரா என்று கேட்டாள். நான் சிரித்தேன். ஆனால் சிரிக்க எனக்குத் தகுதியில்லை. முப்பது வருடங்களுக்கு முன் இப்படித்தான் ஒரு பெரியவர் தட்டோடு வந்தபோது நான் ஓடிப்போய் அதைப் பறித்தேன். அவரும் விடவில்லை, நானும் விடவில்லை. ஊரில் ஒரு கந்தோர்த் தலைவர் தன் தேநீர்க் கோப்பையைத் தானே கழுவினால் பியோனின் வேலை போய்விடும் என்பதை நான் அவருக்கு எந்த மொழியில் விளக்குவது? தட்டை அவர் உடைத்துவிடுவார் என்று நான் பயப்படுகிறேன் என நினைத்து, ‘கவனமாக வைக்கிறேன்’ என்று அந்த மனிதர் எனக்கு உறுதிமொழி தந்தார்.

இந்தக் கதையை லியானுக்கு நான் பெருமையாகச் சொன்னேன். தலைவரும் தட்டுக் கழுவுகிறவனும் ஒரே வரிசையில் நிற்கும் நாடு இது, இங்கே எந்த வேலையும் வேலைதான், எதைச் செய்தாலும் யாரும் உன்னைக் குறைத்து எடை போடமாட்டார்கள் என்று பெரிய மனிதத் தோரணையில் சொல்லிவைத்தேன். ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கும், என்னைப்போல் எங்கோ ஒரு நாட்டில் பிள்ளைகளை ஆளாக்கிவிட்டு இப்போதுதான் மூச்சுவிடுகிறவர்களுக்கும் நான் சொல்லவந்தது, அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டு நான் ஒரு பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுத்த கதை. நல்லது செய்யப்போய்க் கெடுத்தேன் என்று சொன்னால் பாரம் கொஞ்சம் குறையுமென்று பார்த்தேன். குறையவில்லை.

நாங்கள் ட்வெய்ட்டாவில் ஓர் அடுக்குமாடியின் எட்டாம் தளத்தில் இருக்கிறோம், நானும் மனைவி வதனியும். மகள் துளசி இங்கேயே பிறந்தவள். பேர்கனில் ஆஸ்பத்திரி வேலை கிடைத்து அவள் போனபிறகு அவளுடைய அறை வெறுமையாகக் கிடந்தது. மூன்று வருடங்களுக்கு முன் அந்த அறைக்கு வாடகைக்கு வந்தவள்தான் லியான். சீனாவில் ஹுனான் மாகாணத்தில் ஒரு சிறு நகரம் அவளுடைய ஊர். தகப்பன் பஸ் திருத்துகிறவர், தாய் ஒரு பாடசாலையில் எழுதுவினைஞர், இவள் ஒரே பிள்ளை. கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பொறியியலில் மாஸ்டர்ஸ் செய்ய வந்தாள். என்னை ‘ஷூஷூ’ என்பாள். சீன மொழியில் சித்தப்பாவாம். வதனியின் கத்தரிக்காய்க் குழம்புக்கு இரண்டு தரம் சோறு வாங்குவாள், சொதியை மட்டும் சூடான பால் என்று சொல்லி வதனியிடம் பேச்சு வாங்குவாள். நாங்கள் அவளோடு பேசுவது நோர்வேஜியமும் ஆங்கிலமும் கலந்த அரைகுறைப் பாஷை. அதில் அவள் பேசியதை நான் இங்கே என் தமிழில் தருகிறேன்.

போன வருடம் ஜூன் மாதம் அவள் பட்டம் பெற்றாள். வேலை தேடுவதற்கென்று இந்த நாடு ஓகஸ்டிலிருந்து ஒரு வருட அனுமதி கொடுத்தது. அந்த ஒரு வருடத்துக்குள் படிப்புக்கு ஏற்ற வேலை கிடைக்கவேண்டும், இல்லையென்றால் வெளியேறவேண்டும். விண்ணப்பம் போட்டாள், போட்டாள், போட்டுக்கொண்டே இருந்தாள். ஓரிடத்தில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டு, நீ எப்படிப்பட்ட மனிதர் என்று கேட்டிருக்கிறார்கள். இவள் தன் புள்ளிகளைச் சொல்லியிருக்கிறாள். அது தெரியும், வேலை இல்லாத நேரத்தில் என்ன செய்வாய் என்று கேட்டிருக்கிறார்கள். படிப்பேன் என்றாளாம். அவர்கள் பனிச்சறுக்கையோ மலையேற்றத்தையோ எதிர்பார்த்திருப்பார்கள். இன்னோரிடத்தில் எல்லாம் சரிவந்து, கடைசியில் அவளுடைய கடவுச்சீட்டின் நாட்டைப் பார்த்துவிட்டு, பாதுகாப்புச் சரிபார்ப்புக்கு நீண்ட காலம் எடுக்கும் என்று மன்னிப்புக் கேட்டார்கள். இந்த நாட்டில் இல்லை என்பதைக்கூட இனிப்புத் தடவித்தான் தருவார்கள். தகுதியுள்ள பலர் விண்ணப்பித்திருந்தார்கள், உனக்கு நல்வாழ்த்துகள் என்று வரும் கடிதத்தை அவள் மூன்று தரம் வாசித்து, இதற்கு அர்த்தம் ஓம் என்பதா, இல்லை என்பதா என்று என்னிடம் கேட்டிருக்கிறாள்.

வெளிநாட்டுப் பட்டத்தோடு போனால் உன் நாட்டில் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடமாட்டார்களா என்று நான் கேட்டேன். எங்கள் காலத்தில் லண்டனில் படித்துவிட்டு வந்தவருக்கு ஊரே வழிவிடும். அவளுடைய தாயும் அப்படித்தான் நம்பி அனுப்பியிருக்கிறார். லியான் தன் கைப்பேசியை எடுத்துக் காட்டினாள். அங்குள்ள கம்பனிகளுக்கு அவள் அனுப்பிய செய்திகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் ஒரு சிறிய சொல். ‘வாசிக்கப்பட்டது’ என்று அர்த்தமாம். வாசித்தவர்கள் யாரும் பதில் போடவில்லை. பெரிய கம்பனிகள் இலையுதிர்காலத்திலேயே அங்குள்ள பல்கலைக்கழகங்களுக்குப் போய், அடுத்த வருடம் வெளிவரப்போகிறவர்களைப் பிடித்துவிடுகின்றனவாம். அந்த நேரத்தில் இவள் ஒஸ்லோவில் ஆய்வுக்கட்டுரை எழுதிக்கொண்டிருந்தாள். பட்டத்தோடு நிமிர்ந்து பார்த்தபோது கதிரைகள் நிரம்பியிருந்தன. வெளியில் படித்துவிட்டுத் திரும்புகிறவர்கள் இப்போது மலிந்துவிட்டார்கள். இங்கே நல்ல பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காததால்தானே வெளியே போனாய் என்று தொலைபேசியில் ஒரு கம்பனிக்காரர் நேராகவே கேட்டிருக்கிறார். முப்பத்தைந்து வயதானால் பல கதவுகள் அடைபட்டுவிடும். அவளுக்கு இருபத்தெட்டு.

மிச்சம் இருந்தது அரசாங்கம் சார்ந்த வேலைகள். அதைத் தன் ஊரில் உடையாத சோற்றுக்கிண்ணம் என்பார்கள் என்றாள். எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அரசாங்க உத்தியோகம், மாதம் பிறந்தால் சம்பளம், ஓய்வூதியம். யாழ்ப்பாணத்தில் பொம்பிளை பகுதியாரும் மாப்பிள்ளை பகுதியாரும் அதைக் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்து இருப்பார்கள்.

இந்த இடத்தில்தான் நான் மூக்கை நுழைத்தேன். வேலை கிடைக்காமல் அவள் அறைக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. நான் கணிதத்தில் பட்டம் பெற்றுவிட்டு, போரிலிருந்து தப்பி ஓடிவந்தவன். இந்த நாட்டு அதிகாரிகள் என்னை வடக்கே ஹம்மர்பெஸ்ட்டுக்கு அனுப்பினார்கள். மீன் தொழிற்சாலையில் கொட் மீனின் முள் எடுக்கும் வேலை. என் பட்டத்தைப் பார்த்த மேற்பார்வையாளர், அழகான எழுத்து என்று சொல்லித் திருப்பித் தந்தார். அவ்வளவுதான் அந்தப் பட்டத்துக்கு இந்த நாட்டில் கிடைத்த மரியாதை. இரண்டு வருடங்கள் கழித்து நான் வெளிக்கிட்டபோது அதே மனிதர் ஒரு தாளில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தார். நேரத்துக்கு வருவான், கத்தியைச் சுத்தமாக வைத்திருப்பான். அதற்கு ‘அட்டெஸ்ட்’ என்று பெயர். அந்த இரண்டு வரிதான் எனக்கு ஒஸ்லோவில் வேலை வாங்கித் தந்தது. அதன்பிறகு போன இடமெல்லாம் அட்டெஸ்ட் வாங்கிச் சேர்த்தேன். எங்கள் ஆட்கள் கலியாணப் படத்தைவிட அதைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். வேலை தேடுகிறவர்களுக்கான வகுப்பில் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னதும் அதுதான்: வாழ்க்கைக் குறிப்பில் ஓட்டை இருக்கக்கூடாது, என்ன வேலை செய்தாவது அதை அடைத்துவிடு.

லியானின் ஓட்டையை அடைக்க நான் புறப்பட்டேன். கன்டீனில் ஒருவர் வேலையை விட்டு நின்றுவிட்டார். மணித்தியாலக் கணக்கில் வந்து உதவினால் போதும் என்றுதான் அவள் சொன்னாள். நான்தான் விடவில்லை. ஆளணிப் பிரிவில் இருக்கும் மாரித்திடம் போய், இந்தப் பிள்ளை நல்ல பிள்ளை, போட்டால் முழுநேரமாக, நிரந்தரமாகப் போடுங்கள் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன். மாரித் என் வயதுடைய நோர்வேஜியப் பெண், சிரிக்காமல் ஒரு வசனம் பேசமாட்டார், என் பெயரை ராவி என்று நீட்டித்தான் கூப்பிடுவார். ஒக்டோபரில் ஒப்பந்தம் வந்தது. அதில் ‘ஃபாஸ்த்’ என்ற சொல் இருந்தது. நிரந்தரம். அந்தச் சொல்லுக்காக நான் ஒன்பது வருடங்கள் காத்திருந்தவன். லியான் பேனையைப் பிடித்துக்கொண்டு, நிரந்தரம் என்று போடத்தான் வேண்டுமா ஷூஷூ என்று கேட்டாள். அவளுக்கும் அப்போது காரணம் தெரியாது, ஏதோ நெருடியிருக்கிறது. விசர்ப் பிள்ளை, இதற்காக ஆட்கள் தவம் கிடக்கிறார்கள், கையெழுத்துப் போடு என்றேன். அன்று பின்னேரம் வதனி கோயிலுக்குப் போய் லியானின் பெயரில் அர்ச்சனை செய்வித்தாள். ஐயர் நட்சத்திரம் கேட்டிருக்கிறார். சீனப் பிள்ளைக்கு எங்கே போய் நட்சத்திரம் தேடுவது? சுவாமியின் பெயரிலேயே செய்துவிடுங்கோ என்று சொல்லி விபூதியோடு வந்தாள்.

ஏப்ரலில் அவளுடைய மாகாணத்திலேயே ஒரு வேலை வந்தது. நீர்வளம் தொடர்பான ஓர் அரசு ஆய்வு நிறுவனம். வெளிநாட்டில் முதுகலை முடித்தவர்களுக்கென்று ஒரு சில இடங்கள், வீட்டிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணித்தியாலம். நேர்முகம் காணொளி வழியாக. அங்கே பிற்பகல் மூன்று மணி, இங்கே காலை ஒன்பது. நான் கன்டீனை ஒட்டிய சிறிய கூட்ட அறையைப் பிடித்துக் கொடுத்தேன். மேலே வெள்ளைச் சட்டை, கறுப்புக் கோட்டு, கீழே சமையலறைக் காற்சட்டையும் மரச் செருப்பும். அவள் பேசிக்கொண்டிருந்த நாற்பது நிமிடமும் நான் அவளுடைய வேலையையும் சேர்த்துச் செய்தேன். வெள்ளரிக்காய் வெட்டிக்கொண்டு கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். அவள் அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை. எங்களுடைய அரைகுறைப் பாஷையில் சொற்களைத் தேடித் தேடித் தடுமாறும் பிள்ளை, சொந்த மொழியில் நிமிர்ந்து இருந்து, கையை அசைத்து, கேள்வி முடியமுன்பே பதிலைப் பிடித்தாள். மூன்று வருடங்களாக எங்கள் வீட்டில் இருந்தது இவளுடைய பாதிதான் என்று அப்போது எனக்கு விளங்கியது. இரண்டு கிழமையில் முடிவு வந்தது. முதலாம் இடம். தாய் தொலைபேசியில் அழுத சத்தம் குசினிவரை கேட்டது.

மே மாதத் தொடக்கத்தில் படிவங்கள் வந்தன. சனிக்கிழமை காலை. நானும் வதனியும் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். லியான் அறையிலிருந்து வந்து என் முன்னால் இருந்தாள். கையில் அந்தப் படிவங்கள் இருந்தன.

“ஷூஷூ, அந்த இடம் இதுவரை எங்கேயும் வேலை செய்யாத பட்டதாரிகளுக்கு மட்டும்.”

நான் விளங்காமல் பார்த்தேன். வெளிநாட்டில் படித்தவர்களையும் பட்டம் பெற்றுக் குறிப்பிட்ட காலம்வரை புதிய பட்டதாரியாகத்தான் கணக்கெடுப்பார்களாம். ஆனால் அதற்குள் ஓரிடத்தில் ஊழியராகச் சேர்ந்துவிட்டால் அந்தத் தகுதி போய்விடும். நேர்முகத்தின்போது யாரும் அதைக் கேட்கவில்லை, விளம்பரத்தின் அடியில் அது ஒரு வரியாக இருந்தது, கன்டீன் வேலையை மாணவர் பகுதிநேர வேலைபோல நினைத்து இவள் அதை விட்டுவிட்டாள். இப்போது பட்டம் பெற்ற நாளிலிருந்து ஒவ்வொரு மாதமும் எங்கே இருந்தாள், என்ன செய்தாள் என்று எழுதி, அதற்குச் சாட்சியாக ஓரிடத்திலிருந்து முத்திரை குத்திய கடிதம் தரவேண்டும்.

ஒரு கன்டீன் வேலையெல்லாம் ஒரு வேலையா, பாண் வெட்டுவதை யார் கணக்கெடுப்பார்கள் என்று கேட்டேன். ஏழு மாதத்துக்கு முன் எந்த வேலையும் வேலைதான் என்று அவளுக்கு உபதேசம் செய்த அதே வாய்.

“மணித்தியாலத்துக்கு என்றால் ஏதாவது சொல்லலாம். நிரந்தரம் என்று இருக்கிறதே” என்றாள் லியான். குற்றம் சொல்லும் குரலில் அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் திருப்பி ஏதாவது கத்தியிருப்பேன்.

என் புத்தி அப்போது எங்கே போனது என்று கேளுங்கள். நேரே யாழ்ப்பாணத்துக்குப் போனது. எங்களுக்கு வாழ்க்கை என்பதே கடிதம்தான். பாடசாலையை விட்டு வந்தால் அதிபரின் நற்சான்றிதழ், எங்கே போனாலும் கிராம சேவகரின் கடிதம், அதற்குமேல் சமாதான நீதவானின் ஒப்பம். இன்னாரை எனக்குச் சிறு வயது முதல் தெரியும் என்று இன்னாரைக் கண்டே இராத ஒருவர் எழுதிய கடிதத்தால் சோதனைச் சாவடியைக் கடந்து உயிர் தப்பியவன் நான். கடிதத்தில் உள்ளதை யாரும் வாசிப்பதில்லை. அடியில் உள்ள முத்திரையைத்தான் பார்ப்பார்கள். லியான் தன் நாட்டிலும் அப்படித்தான் என்றாள், முத்திரை வட்டமாகவும் சிவப்பாகவும் இருக்கவேண்டும். இந்த நாட்டில் கடிதத்துக்கு முத்திரை கேட்கிறவர்களே கிடையாது. நம்பிக்கையில் ஓடும் நாடு. மாரித்தைப் போல ஒரு பெண் ஒரு கையெழுத்தைக் கிறுக்கினால் அது பத்திரம்.

கடிதத்தை நான் எழுதினேன். கன்டீனின் பொறுப்பாளன் என்ற முறையில், லியான் இங்கே சம்பளமில்லாமல் மொழிப் பயிற்சிக்காக வந்துபோனாள், எந்தப் பதவியும் வகிக்கவில்லை என்று. பேர்கனிலிருந்து தொலைபேசி எடுத்த துளசியிடம் வதனி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். துளசி என்னைக் கூப்பிடச் சொன்னாள்.

“அப்பா, உது டொக்குமென்ற்ஃபால்ஸ்க், கள்ளப் பத்திரம். இஞ்சை உதுக்குப் பொலிஸ் வரும். நீங்கள் என்ன செய்யிறியள் எண்டு தெரியுமோ?”

ஓம், தெரியும் என்றேன்.

“லியானுக்கு வேற வழி இருக்கோ எண்டு முதல்ல பாருங்கோ. நீங்கள் கெடுத்ததை நீங்களே திருத்தோணும் எண்டு அந்தரப்பட்டு இன்னும் கெடுக்காதேங்கோ.”

என் மகள் இந்த மண்ணில் பிறந்தவள். அவளுக்குப் பொய் சொல்லி உயிர் தப்பவேண்டிய தேவை ஒருநாளும் வந்ததில்லை. அதுதான் அவளுக்கு இந்தப் பயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். லியானிடமும் கேட்டேன். அனுப்புங்கள் என்றாள். அம்மா ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டா என்றாள்.

அடுத்து முத்திரை. ட்வெய்ட்டா கடைத்தொகுதியில் திறப்பு வெட்டி, சப்பாத்துக்கு அடி போட்டுக் கொடுக்கும் கடை ஒன்று இருக்கிறது. இறப்பர் முத்திரையும் செய்வார்கள். வட்டமாக, சிவப்பு மையோடு என்றேன். என்ன எழுதவேண்டும் என்று ஒரு படிவம் தந்தான் கடைக்காரன். கன்டீனின் பெயர் மட்டும் போட்டிருக்கலாம். ஆனால் செய்வதைத் திருந்தச் செய்யும் குணம் எனக்கு. கிராம சேவகரின் முத்திரையில் பிரிவு இலக்கமும் இருக்கும், பதவியும் இருக்கும், கந்தோர் முகவரியும் இருக்கும். அப்போதுதானே கனம். எங்கள் நிறுவனத்தின் பெயர், முகவரி, கீழே வளைவாக அலுவலக மின்னஞ்சல். எல்லாவற்றையும் போட்டேன். கொடி நாளான மே பதினேழுக்கு முதல் நாள் முத்திரை கைக்கு வந்தது. குசினி மேசையில் பழைய பத்திரிகையை விரித்து நாலைந்து தரம் குத்திப் பார்த்தேன். மை பரவாமல் ஒவ்வோர் எழுத்தும் தெளிவாக விழுந்தது. வதனி தேநீர்க் கோப்பையோடு பின்னால் நின்று பார்த்தாள்.

“இஞ்சேருங்கோ, உதிலை ஏன் அட்ரஸ் எல்லாம் போட்டனீங்கள்?” என்று கேட்டாள்.

உமக்கு விளங்காது, சும்மா இரும் என்றேன். அவளுக்கு விளங்கியிருந்தது. எனக்குத்தான் விளங்கவில்லை.

கடிதம் போய் மூன்று கிழமை சத்தமில்லை. லியான் துணிகளை மடித்துப் பெட்டியில் வைக்கத் தொடங்கினாள். வதனி அவளுக்கு மிளகாய்த்தூள் வறுத்து இடித்துக் கொடுத்தாள். ஒரு வியாழக்கிழமை, பதினொரு மணிச் சாப்பாடு ஓய்ந்தபிறகு மாரித் சமையலறைக்குள் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. அலுவலக முகவரிக்குச் சீனாவிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்து தன்னிடம் சேர்ந்தது என்றார், ஆங்கிலத்தில், மிகவும் மரியாதையாக, லியானைப் பற்றி விசாரித்து.

“யாரோ அவளை மொழிப் பயிற்சி என்று பிழையாகப் போட்டிருக்கிறார்கள், ராவி. பாவம், அவளுடைய அனுபவத்தையே குறைத்துவிட்டார்கள். நான் உடனே திருத்தி எழுதிவிட்டேன். ஒக்டோபரிலிருந்து முழுநேர நிரந்தர ஊழியர், எங்களிடம் இருந்தவர்களில் மிகச் சிறந்தவர் என்று.”

நான் கையில் இருந்த கரண்டியைக் கழுவித் தொங்கவிட்டேன். இந்த நாட்டில் ஒருவருக்குச் செய்யக்கூடிய ஆகப் பெரிய உதவியை அவர் செய்துவிட்டு வந்து நிற்கிறார். அங்கே அவளை எடுக்காவிட்டால் கவலைப்படவேண்டாம் என்றும் சொன்னார். இங்கே நிரந்தரம்தானே, எவ்வளவு காலம் வேண்டுமானாலும் இருக்கலாமே என்றார். தன் நாட்டின் சட்டம் அவருக்குத் தெரியாது. அதைத் தெரிந்துவைத்திருக்கவேண்டிய தேவை அவருக்கு ஒருநாளும் வந்ததில்லை. பாண் வெட்டும் வேலை படிப்புக்கு ஏற்ற வேலை இல்லை. ஓகஸ்டில் லியானின் அனுமதி முடிகிறது. வேலை நிரந்தரம், ஆளுக்குத்தான் நிரந்தரம் இல்லை. நான் மாரித்துக்கு நன்றி சொன்னேன்.

அடுத்த கிழமை அந்த நிறுவனத்தின் கடிதம் வந்தது. தகுதி ரத்து. அதோடு போகவில்லை. பொய்யான சான்று சமர்ப்பித்ததாகப் பதிவு செய்திருக்கிறார்கள், இனிமேல் சில வருடங்களுக்கு இப்படியான எந்த இடத்துக்கும் அவள் விண்ணப்பிக்க முடியாது. நான் ஒன்றுமே செய்யாமல் இருந்திருந்தால் அவள் இந்த ஒரு வேலையை மட்டும் இழந்திருப்பாள். இப்போது எல்லாவற்றையும் இழந்துவிட்டாள். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. நானாகக் கணக்குப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அவள் கோபப்பட்டால் நல்லது என்று காத்திருந்தேன். அவள் வழமைபோல் காலை ஆறரைக்கு என்னோடு மெட்ரோவுக்கு வந்தாள், வெள்ளரிக்காய் வெட்டினாள், தலைவரின் தட்டுக்குக் கூடையில் இடம் விட்டுக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். கத்தரிக்காய்க் குழம்பு இரண்டு நாள் பானையில் அப்படியே இருந்தது. மூன்றாம் நாள் வதனி என்னைத் திரும்பிப் பார்க்காமல் அதைக் கொட்டினாள். நான் பொலிஸுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடவா என்றுகூட யோசித்தேன். சொன்னால் என் பாரம்தான் இறங்கும், அவளுக்கு ஒன்றும் திரும்பி வராது. அதோடு எனக்குப் பயமும் இருந்தது, அதையும் எழுதத்தான் வேண்டும்.

தாய்க்கு அவள் உண்மையைச் சொல்லவில்லை. ஒஸ்லோவில் தனக்கு நிரந்தர வேலை தந்திருக்கிறார்கள், அதனால் அங்குள்ளதைத் தானே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் என்று எழுதிவிட்டாள். எனக்கு இது புதிதில்லை. ஹம்மர்பெஸ்ட்டில் முள் எடுத்துக்கொண்டு, கடற்றொழில் திணைக்களத்தில் உத்தியோகம் என்று ஐயாவுக்கு எழுதியவன் நான். ஐயா அதை நம்பியே கண்ணை மூடினார். ஆனால் அப்போது கடிதம் போய்ச் சேர ஒரு மாதம் எடுக்கும், பொய்க்கு ஒளிந்துகொள்ள இடம் இருந்தது. இப்போது முகத்தைக் காட்டவேண்டும்.

போன ஞாயிறு பின்னேரம் லியான் என்னிடம் வந்து, அம்மா உங்களைப் பார்க்கவேண்டும் என்கிறா, வருவீர்களா என்று கேட்டாள். கைப்பேசியைக் குசினி மேசையில் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்தாள். நான் நடுவில் இருந்தேன், அவள் என் பக்கத்தில். திரையில் அந்தத் தாய் தெரிந்தார். வதனியின் வயதுதான் இருக்கும். தலையைப் படிய வாரி, நல்ல சட்டை போட்டிருந்தார். பின்னால் தகப்பன், கழுத்துப் பொத்தான்வரை பூட்டிய சட்டையோடு, படம் பிடிக்க நிற்பவர்போல் நின்றார். என்னைக் கண்டதும் தாய் பேசத் தொடங்கினார். நீண்ட நேரம் பேசினார். இடையில் குரல் உடைந்தது, கண்ணைத் துடைத்துக்கொண்டார், மகளைக் காட்டினார், என்னைக் காட்டினார், தன் நெஞ்சில் கை வைத்தார்.

“கோடையிலும் அங்கே குளிருமா என்று கேட்கிறா” என்றாள் லியான்.

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. நோர்வேஜியத்தில் சொல்லத் தொடங்கினேன். உங்கள் மகளுக்கு அந்த ஒப்பந்தத்தை வாங்கிக் கொடுத்தது நான், கையெழுத்துப் போடவைத்தது நான், கடிதம் எழுதியது நான், முத்திரை செய்தது நான், அவளுக்கு இங்கே வேலை இல்லை, ஓகஸ்டுக்குப் பிறகு இருக்க இடமும் இல்லை என்று ஒன்றும் விடாமல் சொன்னேன். லியான் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் முடித்ததும் திரையைப் பார்த்து ஒரே ஒரு சிறிய வசனம் சொன்னாள். தாய் நிம்மதியாகத் தலையாட்டினார்.

“அப்படியென்றால் கம்பளி அனுப்பத் தேவையில்லை என்கிறா” என்றாள்.

எனக்குத் தெரிந்த மொழிகளில் மிஞ்சியிருந்தது ஒன்றுதான். அந்தக் குசினியில் அது வதனிக்கும் எனக்கும் மட்டுமே விளங்கும்.

“அக்கா, உங்கடை பிள்ளையின்ரை வாழ்க்கையை நான்தான் கெடுத்துப்போட்டன். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

அடுப்படியில் நின்ற வதனி முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். லியான் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் என்ன சொன்னேன் என்று கேட்கவில்லை. பிறகு திரைப்பக்கம் திரும்பி, அதையும் மொழிபெயர்த்தாள். அந்தத் தாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பின்னால் நின்ற தகப்பன் முன்னுக்கு வந்து, இரண்டு கைகளையும் சேர்த்து, குனிந்து, எனக்கு நன்றி சொன்னார்.